ஒரு மாதம் என்று யாரும் சொல்லவில்லை

2018 தீபாவளி ஒரு செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து மூன்றாம் நாள், நவம்பர் 8ஆம் திகதி விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் லயத்துக் கதவை உதைத்தார்கள். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம், லயம் என்றால் அங்கே தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடு. தோட்டத்தின் பெயரையும் பொலிஸ் நிலையத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை, அம்மா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார். அன்றைக்கு வீட்டில் அம்மா, நான், என் நாலு வயது மகள், பிறகு தீபாவளி லீவில் வந்திருந்த தம்பி. தம்பிக்கு இருபத்திரண்டு வயது, கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. என் கணவர் தீபாவளி முடிந்த மறுநாளே கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன்.

ஐந்து பேர். ஒருவர்தான் யூனிஃபோமில் இருந்தார், மற்றவர்கள் ஜேர்சியும் களிசானும். "குமார் யாரு?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். தோட்டத்தில் எங்கள் மேல்கணக்குப் பிரிவில் மட்டும் ஏழு குமார் இருக்கிறார்கள். தம்பி எழும்பி வந்து "நான்தான்" என்றான். அவ்வளவுதான், சட்டைக் கொலரைப் பிடித்து வாசல் இஸ்தோப்பில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள். ஒரே காம்பரா. அதில் ஒரு அலுமாரி, ஒரு டிரங்குப் பெட்டி, சாமிப் படம் வைத்த பலகை. அலுமாரியில் இருந்த என் உடுப்புகளை, உள்ளுடுப்பு உட்பட, ஒவ்வொன்றாக உதறி நிலத்தில் போட்டார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அப்பாவின் மரணச் சான்றிதழும் சேமலாப நிதிக் கடிதங்களும்தான் இருந்தன. அதைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். நான் நைட்டியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூலையில் நின்றேன். பெண் பொலிஸ் ஒருவரும் இல்லை. தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. தம்பியின் போனையும், பேக்கில் இருந்த 18,500 ரூபாயையும் எடுத்துக்கொண்டார்கள். பற்றுச்சீட்டு எதுவும் தரவில்லை. "என்னாத்துக்கு சேர் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டதற்கு அரைகுறைத் தமிழில், "சின்ன விசாரணை, பத்து மணிக்கு உட்டுருவோம்" என்றார் ஒருவர்.

இந்த "சின்ன விசாரணை" என்ற சொல்லை நம்பாதீர்கள். நான் நம்பினேன். கைது என்றால் விலங்கு போட வேண்டும், "உன்னைக் கைது செய்கிறோம்" என்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. நமசிவாயம் எதிர் குணவர்தன என்று எண்பதுகளில் ஒரு வழக்கு. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒருவரை இறக்கி, பொலிஸுக்கு வா, சில கேள்வி கேட்க வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். நாங்கள் கைது செய்யவே இல்லை, வரச்சொன்னோம், வாக்குமூலம் எடுத்தோம், விட்டோம் என்று பொலிஸ் சொன்னது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் விருப்பப்படி பயணத்தைத் தொடர முடியாமல் தடுத்த அந்த நிமிடமே அது கைதுதான் என்று தீர்ப்பு. எங்கள் சட்டத்தரணி இதைச் சொன்னபோது, அன்றைக்கு வாசலில் நின்ற எனக்கு இது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். தடுத்திருக்க முடியாது. ஆனால் "என்ன குற்றம் என்று சொல்லுங்கள்" என்று இன்னும் இரண்டு தடவை கேட்டிருப்பேன், அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி. அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை கைதுக்கான காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. காரணம் சொல்லவில்லை என்பதற்குப் பிறகு சாட்சி சொல்ல ஆள் வேண்டும். அதற்காகத்தான் சத்தமாகக் கேட்கச் சொல்கிறேன்.

பத்து மணிக்கு விடவில்லை. ஒன்பது மணியிலிருந்து நான் பொலிஸ் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஓ.ஐ.சி (நிலையப் பொறுப்பதிகாரி) இல்லை, ஓ.ஐ.சி சாப்பிடப் போயிருக்கிறார், ஓ.ஐ.சி கூட்டத்தில் இருக்கிறார். மூன்று மணிக்கு ஜன்னல் வழியாகத் தம்பியைக் கண்டேன், செருப்பில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். பாணும் சம்பலும் வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள், அவனிடம் போய்ச் சேர்ந்ததா தெரியாது. இரவு ஏழு மணிக்கு "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தும் நான் ஒரு பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை. சார்ஜன்ட், கான்ஸ்டபிள்மாருக்குச் சட்டையில் இலக்கம் இருக்கும், அதையாவது குறித்திருக்கலாம். நல்ல காலம், பக்கத்துக் காம்பராப் பையன் விடியற்காலையிலேயே வேனின் இலக்கத்தை உள்ளங்கையில் பேனையால் எழுதி வைத்திருந்தான், கிரிக்கெட் ஸ்கோர் எழுதுவதுபோல. பிறகு அது உதவியது. ஒரு சட்டத்தரணியையும் கூட்டிப் போயிருக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி முன்னிலையாவதற்கென்றே 2012இல் விதிகள் வந்திருக்கின்றன. எங்கள் பக்கம் அதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. டவுனில் ஒரு ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஐயா இருக்கிறார், அம்மா முன்பு அவர்கள் வீட்டில் வேலை செய்தவர். அம்மா அழுதுகொண்டே அவரிடம் போயிருக்கிறார். அவர் என்னைக் கூப்பிட்டு, "வாயால கேக்கிறதெல்லாம் காத்தோட போயிரும் பிள்ள. எழுது. எழுதிப் பதிவுத் தபால்ல போடு" என்றார். அவரே சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதினேன். யார், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், வேனின் இலக்கம், என்னென்ன எடுத்துப் போனார்கள், இன்னும் எங்கே வைத்திருக்கிறார்கள். கண்டியில் இருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு ஒன்று, பொலிஸ் மாஅதிபருக்கு ஒன்று. கடிதத்தை ஃபோட்டோ கொப்பி எடுத்து, அதற்கு மேலேயே தபால் பற்றுச்சீட்டை ஒட்டித் தந்தார். பிற்பகல் இரண்டு மணி இருக்கும். உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாக இருந்தது. தம்பி உள்ளே கிடக்கிறான், இந்த மனுஷன் பசை தேடிக்கொண்டிருக்கிறாரே என்று. ஆணைக்குழுவுக்கு 1996 என்ற அவசர தொலைபேசி இலக்கம் இருப்பதும் அவர்தான் சொன்னார். எடுத்தேன், முறைப்பாட்டைப் பதிந்துகொண்டார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விட்டார்கள். ஆள் மாறிப்போச்சாம். டவுனில் ஒரு போன் கடை உடைந்ததற்குக் "கொழும்பில் வேலை செய்யும் குமார்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்தக் குமார் வேறு குமாராம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தம்பி சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவான், வாசிக்கத் தெரியாது. போன் திரும்ப வந்தது. 18,500 ரூபாய் வரவில்லை, அதைப் பற்றிக் கேட்டதற்கு "எந்தக் காசு?" என்றார்கள். வாசிக்க முடியாத மொழியில் கையெழுத்து வைக்கச் சொன்னால், கையெழுத்துக்கு மேலே தமிழில் "எனக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்தும் காட்டவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். எழுத விடமாட்டார்கள் என்கிறீர்களா? சில இடத்தில் விடமாட்டார்கள்தான். ஆனால் தமிழில் எழுதினால் என்ன எழுதினீர்கள் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த நாட்டில் மொழி தெரியாதது எப்போதும் நமக்கு மட்டும் நட்டமாக இருக்க வேண்டும் என்றில்லை.

நாலரை மணியிலிருந்து எண்ணினால் ஐம்பத்து நாலரை மணித்தியாலம். சாதாரண சட்டத்தின் கீழ் பிடித்த ஒருவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அந்தக் கணக்கை அன்றைக்கு யாரும் போடவில்லை. ஆள் வீட்டுக்கு வந்ததே போதும் என்று கோயிலில் தேங்காய் உடைத்தோம்.

இங்கேதான் எங்கள் முதல் பெரிய பிழை. தம்பி அடி வாங்கியதைச் சொல்லவில்லை. காய்ச்சல் என்று படுத்துக் கிடந்தான். திங்கட்கிழமை இரவு அவன் நடப்பதைப் பார்த்துத்தான் பிடித்தேன், குதிகால் நிலத்தில் படாமல் நடந்தான். உள்ளங்காலில் பொல்லால் அடித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் மாட்டேன் என்றான், வெட்கம். "அக்கா, அடி வாங்கினேன்னு டவுன் முழுக்கச் சொல்லணுமா?" என்றான். கெஞ்சி, அதட்டி, அம்மா சாப்பிடாமல் கிடந்து, 15ஆம் திகதிதான் கூட்டிப்போனேன். விடுதலையாகி ஐந்து நாள். வீக்கம் வற்றிவிட்டது. சட்ட வைத்திய அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டு எழுதினார். ஆனாலும் இருப்பதைத்தானே எழுத முடியும்? இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, பொலிஸில் இருந்து வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாட்டில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். விழுந்துவிட்டேன் என்று சொல்லாமல், பொலிஸில் அடித்தார்கள் என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் அதை எழுதுவார். ஆஸ்பத்திரியில் எழுதித் தரும் டிக்கட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த பன்னிரண்டு நாளை எப்படித் தொலைத்தோம் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கொடுமை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், "அவசரப்படாதீங்க, மேல பேசிக்கிறேன்" என்றார். அந்த நேரம் மலையகம் முழுக்க ஆயிரம் ரூபாய்ச் சம்பளப் போராட்டம். அடிப்படைச் சம்பளம் அப்போது 500 ரூபாய். தலைவருக்குத் தலைக்கு மேல் வேலை, என் தம்பியின் கதை அவருக்கு எத்தனையாவது? டவுனில் ஒரு சட்டத்தரணி 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நீதவான் நீதிமன்றத்தில் ஏதும் வழக்கு இருக்கிறதா பார்க்கிறேன் என்றார். வழக்கே இல்லையே, அதைத்தானே சொல்கிறோம்! பொலிஸ் மேலதிகாரி ஒருவர் விசாரணைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார், இரண்டு தடவையும் அவர் வரவில்லை. தம்பியின் கடை முதலாளி, பொலிஸில் இருந்தவனை இனி எடுக்கமாட்டேன் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். நானோ, பதிவுத் தபால் போட்டாயிற்று, அதுதான் வழக்கு, கடிதம் வரும் என்று காத்திருந்தேன்.

27ஆம் திகதி லீவு போட்டுவிட்டு, கடிதம் என்ன ஆயிற்று என்று பார்க்கக் கண்டிக்குப் போனேன். ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு அம்மா முறைப்பாட்டைத் தேடி எடுத்தார், இலக்கம் போட்டிருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டாச்சா? 8ஆம் திகதியோட ஒரு மாசம் முடியுதே?" எனக்குக் கால் பதறிவிட்டது.

விஷயம் இதுதான். பொலிஸ் போன்ற அரச அதிகாரிகள் உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுப் போடலாம். அதைக் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான் போடலாம், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கண்டியிலோ முடியாது. (இந்தியச் செய்தியில் உச்ச நீதிமன்றம் என்று வருகிறதே, அதைத்தான் நம் நாட்டில் உயர் நீதிமன்றம் என்கிறோம். மேல் நீதிமன்றம் வேறு. இந்தக் குழப்பத்திலும் நான் ஒரு நாளைத் தொலைத்தேன்.) அதையும் உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு வழி விட்டிருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டும், வெறும் பற்றுச்சீட்டு எப்போதும் போதாது என்று சட்டத்தரணி சொன்னார். ஆகவே முறைப்பாட்டையும் கொடுங்கள், அது இருக்கிறதே என்று மனுவைத் தள்ளிப் போடாதீர்கள்.

மிச்சம் பதினொரு நாள். 8ஆம் திகதி சனிக்கிழமை, ஆகவே 7க்குள் முடிக்க வேண்டும், உண்மையில் பத்து நாள். எனக்கு முன்பள்ளிப் பயிற்சி தந்த ஒரு அக்கா கொழும்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துத் தந்தார். என்னிடம் காசில்லை என்று தெரிந்து அந்தச் சட்டத்தரணி மனுவுக்கு 60,000 என்றார், அது குறைந்த தொகை என்று பின்னால்தான் புரிந்தது. தாலிக்கொடியை விட்டுவிட்டு மற்றச் சங்கிலியை அடகு வைத்தேன். 1978இல் உருவாக்கிய சட்ட உதவி ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும். நான் அங்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தெரியாது. நீங்கள் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

பத்து நாளில் செய்தது முழுவதும் கடதாசி வேலை. தம்பியின் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கையெழுத்திட்ட எழுத்து வாக்குமூலம்), என்னுடையது, வேன் இலக்கம் எழுதிய பையனுடையது, ஆஸ்பத்திரி டிக்கட், தபால் பற்றுச்சீட்டு, நான் கணவருக்கு அன்று காலை அனுப்பிய குறுஞ்செய்தியின் படம். மனு ஆங்கிலத்தில். தம்பிக்கு அதை வரி வரியாகத் தமிழில் சொல்லி, அப்படிச் சொல்லிக் கொடுத்ததாகச் சத்தியக்கடதாசியிலேயே எழுதினார்கள். எதிர்மனுதாரராக அந்தப் பொலிஸாரோடு பொலிஸ் மாஅதிபரையும் சட்டமா அதிபரையும் போட்டார்கள். அப்போது சட்டத்தரணி சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் ஜீரணிக்கவில்லை. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில், வீட்டுக்குள் புகுந்து சோதனை போடுவதற்கு எதிராகத் தனியாக ஒரு உறுப்புரை இல்லையாம். அந்தரங்கத்துக்கான உரிமை என்று எழுதப்படவில்லை. சில சட்டங்களின் கீழ் தேடுதல் ஆணை இல்லாமலே சோதிக்கவும் பொலிஸுக்கு அதிகாரம் இருக்கிறது. பெண்ணின் உடம்பைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும், அவளுடைய அலுமாரிக்கு அப்படிச் சட்டமில்லை. ஆகவே சித்திரவதைக்கு எதிரான 11, சமத்துவத்துக்கான 12(1), கைது பற்றிய 13(1), 13(2) என்று வகுத்து, வீட்டுச் சோதனையை அதற்குள் ஒரு பந்தியாகச் சேர்த்தார். தம்பிக்குக் கைதுதான் பெரிது. எனக்கு அந்த டிரங்குப் பெட்டிதான் பெரிது. அப்பாவின் மரணச் சான்றிதழில் சப்பாத்துத் தடம் இருந்தது, அதற்கு ஒரு பந்திதான்.

நைட் மெயிலில் போய், விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, டிசம்பர் 6ஆம் திகதி உயர் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்குப் போனோம். அங்கே திருவிழாக் கூட்டம். டிவி கமெராக்கள், கறுப்புக் கோட்டுகள், பொலிஸ் தடுப்பு. என்னவென்றால், ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்ததற்கு எதிரான மனுக்களை அந்த வாரம்தான் விசாரித்தார்கள். அவையும் அடிப்படை உரிமை மனுக்கள்தான், அதே 126ஆம் உறுப்புரை. 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்துக் கலைத்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது நினைவிருக்கும். அந்தப் பெரிய கட்டுகளுக்குப் பக்கத்தில் எங்கள் மெல்லிய கட்டையும் கையளித்தோம். தம்பி அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தான். "அக்கா, நம்மளும் சபாநாயகர் ரேஞ்சுல இருக்கோம்" என்றான்.

2019 மார்ச்சில் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. மனுப் போட்டாலே வழக்கு நடக்கும் என்று நினைக்க வேண்டாம், முதலில் இந்த அனுமதி வேண்டும், பல மனுக்கள் இங்கேயே விழுந்துவிடும். அதற்குப் பிறகு பொலிஸார் தங்கள் ஆட்சேபனையைச் சத்தியக்கடதாசியாகப் போட்டார்கள். அதில், தம்பியை நாங்கள் 9ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்கு டவுனில் சந்தேகத்தின் பேரில் கைது செய்தோம், மறுநாள் காலை விட்டோம், 24 மணித்தியாலம் ஆகவே இல்லை என்று இருந்தது. பொலிஸ் புத்தகப் பதிவின் பிரதியும் இணைத்திருந்தார்கள், அழகான கையெழுத்து. எனக்குத் தலை சுற்றியது. சட்டத்தரணி மட்டும் சிரித்தார். தபால் பற்றுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். 9ஆம் திகதி பிற்பகல் தபால் கந்தோர் முத்திரை. இரவு ஒன்பது மணிக்குத்தான் கைது என்றால், பிற்பகலிலேயே அந்தக் கைதைப் பற்றி வேன் இலக்கத்தோடு எப்படி ஒருத்தி கடிதம் எழுதினாள்? பசை தேடிய அந்த ஐயாவுக்கு அன்றைக்குப் போன் எடுத்து அழுதேன். நூறு ரூபாய்க்குள் முடிந்த வேலை அது.

அதற்கிடையில் வந்த நெருக்கடியையும் சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு ஜீப் ஒன்று வாரத்துக்கு இரண்டு தடவை லயத்துக்குக் கீழே வந்து நின்றது. யாரும் இறங்கமாட்டார்கள், ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் வேண்டிய ஒருவர் மூலமாக 40,000 ரூபாய், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்று தூது. நாங்கள் வாங்கவில்லை என்று பெருமையாக எழுத ஆசைதான். ஆனால் அம்மா வாங்கச் சொன்னார், நானும் ஒரு இரவு முழுக்க வாங்கலாம் என்றுதான் இருந்தேன். அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜெரால்ட் பெரேரா என்று ஒருவர், 2002இல் வத்தளைப் பொலிஸார் ஆள் மாறாட்டத்தில் பிடித்து அடித்ததில் சிறுநீரகம் பழுதானவர். 2003இல் உயர் நீதிமன்றம் எட்டு இலட்சம் ரூபாயும் மருத்துவச் செலவும் கொடுக்கச் சொன்னது. 2004இல், சித்திரவதை வழக்கில் சாட்சி சொல்ல இருந்த நேரத்தில், அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இந்தக் கதையை யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். தம்பிதான் முடியாது என்றான். ஜீப் வந்த திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி, சட்டத்தரணி மூலம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அனுப்பினோம். ஜீப் நின்றது. அதனால்தான் நின்றதா என்று சொல்ல முடியாது, நின்றது.

126ஆம் உறுப்புரையின் ஐந்தாவது பந்தியில், மனுவை இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எங்களுக்கு முடிந்தது 2023இல். இடையில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, கொரோனா, பெற்றோல் இல்லாத 2022. பதினாலு தவணை போனோம், நாலில்தான் ஏதோ நடந்தது. மற்றதெல்லாம் நைட் மெயிலில் போய், பத்து நிமிடத்தில் அடுத்த திகதி வாங்கி, பஸ்ஸில் கித்துல்கலை வழியாகத் திரும்பி வந்ததுதான். அதில் ஏழெட்டுத் தவணைக்கு நாங்கள் போயிருக்கவே வேண்டியதில்லை. வாய்ச் சாட்சி இல்லை, எல்லாம் கடதாசியில்தான், ஆகவே நாங்கள் நேரில் நிற்க வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் சட்டத்தரணியிடம் முதலில் கேட்டிருந்தால் போதும். கேட்கக் கூச்சப்பட்டோம்.

தீர்ப்பில் 12(1), 13(1), 13(2) மீறப்பட்டன என்று வந்தது. 11 நிரூபிக்கப்படவில்லை. ஐந்து நாள் தாமதித்த அந்த மருத்துவ அறிக்கைதான். தம்பி அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை, வெளியே போய் ஒரு பிளேன்டீ குடித்தான். அரசு 50,000 ரூபாயும், இரண்டு உத்தியோகத்தர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் 25,000 வீதமும் கட்ட வேண்டும். மொத்தம் ஒரு இலட்சம். எங்கள் செலவைக் கொப்பியில் கூட்டினேன். டவுன் சட்டத்தரணிக்கு வீணாய்ப்போன 15,000, மனுவுக்கு 60,000, தவணைக்கு 5,000 வீதம் 70,000, பயணமும் சாப்பாடும் 35,000, ஃபோட்டோ கொப்பி, மொழிபெயர்ப்பு, சத்தியக்கடதாசி 6,000. ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம். எடுத்துப்போன 18,500, தம்பியின் வேலை, என் லீவுச் சம்பளம், அடகு வட்டி இதில் சேரவில்லை. காசுக்காக என்றால் இந்த வழியில் வராதீர்கள். நட்டஈடு மட்டும்தான் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கும் போடலாம், அதற்கு இரண்டு வருட அவகாசம், ஆனால் சட்டமா அதிபருக்கு முதலிலேயே ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். நாங்கள் அதைக் கேள்விப்பட்டபோது அந்த இரண்டு வருடமும் போய்விட்டது. எனக்கு அந்தத் தீர்ப்புத்தான் வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதில் தம்பியின் முழுப் பெயர் இருக்கிறது, குமார் என்று மட்டும் இல்லை.

போன வருடம் தம்பி கட்டாருக்குப் போக ஆயத்தமானான். அதற்குப் பொலிஸ் அறிக்கை வேண்டும், அதே பொலிஸ் நிலையத்தில் இருந்துதான் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். வந்தவர் புதிய ஆள், சின்னப் பையன், தமிழ் நன்றாகப் பேசினார். இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, மகன் பேர்ல பொலிஸ் வழக்கு ஏதும் இருந்திச்சா?" என்று கேட்டார்.

"இருந்திச்சு தம்பி," என்றார் அம்மா. "நாங்க போட்டது."